சூளைக்குள் நடக்கும் வெப்பம்: திடப்பொருள்களில் கதிர்வீச்சின் பங்கு

ஏரியூர் போன்ற தருமபுரி மாவட்டத்து ஊர்களில் நாட்டுச் சூளை வைப்பவர்கள் பச்சைக்கல்லை ஒட்டி அடுக்க மாட்டார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்குச் சந்து விடுவார்கள். ஏன் என்று கேட்டால், தீ ஏற வழி வேண்டாமா என்பார்கள். சரியான பதில்தான். விறகின் அனல் அந்தச் சந்துகள் வழியாகத்தான் மேலே ஏறுகிறது. ஆனால் சூளையின் வாய்களை மண் வைத்து அடைத்து, அனல் ஓட்டம் அடங்கிய பிறகும், நடுவில் கனலும் கல்லின் வெப்பம் ஓரத்துக் கல்லுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. கல்லைக் கல் தொடும் இடம் கொஞ்சம். நடுவில் நிற்பது காற்று. வெப்பத்தைக் கடத்துவதில் காற்று மிக மந்தமானது. பிறகு எந்த வழியில் போகிறது வெப்பம்? சேற்றுப் பூச்சு விரிசல் விட்ட இடத்தில் இரவில் எட்டிப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். உள்ளே ஒவ்வொரு சந்தும் செக்கச்செவேலென்று ஒளிர்கிறது. கல் கல்லைத் தொடவில்லை, பார்க்கிறது. பார்வையிலேயே வெப்பம் கைமாறுகிறது.

திடப்பொருளில் வெப்பம் கடத்தல் முறையில் பரவும், திரவத்திலும் வாயுவிலும் சலனத்தால் பரவும், வெற்றிடத்தில் கதிர்வீச்சால் பரவும் என்று பள்ளியில் மூன்று பெட்டிகளாகப் பிரித்துப் படித்தோம். தொடங்குவதற்கு அந்தப் பிரிவு நல்லது. அதோடு நின்றுவிட்டால் செங்கல் சூளையும் விளங்காது, கண்ணாடி உலையும் விளங்காது, பூமியின் வயிறும் விளங்காது. திடப்பொருளுக்குள்ளும் கதிர்வீச்சு வெப்பத்தைச் சுமக்கிறது. எவ்வளவு சுமக்கிறது என்பதே கேள்வி. நூற்றைம்பது ஆண்டுகளாகப் பலர் தேடிய விடையைத் தொகுத்துப் பார்த்தால் அது இரண்டு அளவுகளில் வந்து நிற்கிறது: பொருள் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது ஒன்று, கதிர் ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் தாவுகிறது என்பது மற்றொன்று.

விதி பிறந்த கதை

சூடான பொருள் மட்டும் கதிர் வீசுவதில்லை, எல்லாப் பொருளும் எப்போதும் வீசிக்கொண்டே இருக்கிறது, கொடுப்பதும் வாங்குவதும் சமமானால் வெப்பநிலை மாறாமல் நிற்கிறது என்று ஜெனீவாவைச் சேர்ந்த பியர் பிரெவோ 1791-இல் சொன்னார். 1822-இல் ஃபூரியே கடத்தலுக்குக் கணிதம் எழுதினார்: வெப்பம் பாயும் வீதம், வெப்பநிலைச் சரிவுக்கு நேர்விகிதம். இரண்டும் தனித்தனி ஓடைகளாகவே ஓடின.

கதிர்வீச்சுக்கு எண் கொடுத்தவர் வியன்னாவின் யோசப் ஸ்டெஃபான். ஜான் டிண்டல் பிளாட்டினக் கம்பியைச் சூடேற்றி எடுத்த அளவீடுகளில், மங்கிய சிவப்பிலிருந்து வெண்கனலுக்குப் போகையில் கதிர்வீச்சு ஏறத்தாழ 11.7 மடங்கு கூடியிருந்தது. அந்த இரு நிலைகளின் வெப்பநிலைகளைத் தனிச்சுழியிலிருந்து எண்ணிப் பார்த்தால், அவற்றின் விகிதத்தின் நான்காம் படி ஏறக்குறைய அதே எண்ணைத் தருகிறது. 1879-இல் ஸ்டெஃபான் அதை விதியாக வைத்தார். 1884-இல் போல்ட்ஸ்மன் கோட்பாட்டு வழியில் நிறுவினார். எந்த அலைநீளத்தில் எவ்வளவு கதிர் என்பதை 1900-இல் பிளாங்க் கண்டார். அந்தச் சூத்திரத்தை ஒளித்துகள்களின் கணக்காக மட்டுமே கொண்டு 1924-இல் வருவித்துக் காட்டியவர் சத்யேந்திரநாத் போஸ்.

அதே 1924-இல் நார்வே நாட்டு வானியலாளர் ஸ்வைன் ரோஸ்லண்ட் விண்மீனின் உட்பகுதியைப் பற்றிச் செய்த வேலைதான் நம் கேள்விக்குத் திறவுகோல். சூரியனின் நடுவில் பிறக்கும் ஒளி நேராக வெளியே வருவதில்லை. சிறிது தூரம் போகிறது, விழுங்கப்படுகிறது, மறுபடி உமிழப்படுகிறது. இப்படித் தட்டுத்தடுமாறி மேற்பரப்பை எட்டப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. இவ்வளவு குறுகிய தாவல்களில் நகரும் கதிர்வீச்சை ஃபூரியேயின் கடத்தல் விதியைக் கொண்டே எழுதிவிடலாம் என்று ரோஸ்லண்ட் காட்டினார். இந்தத் துறையின் முழுக் கணிதத்தையும் ஒழுங்குபடுத்தியவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். கதிர்வீச்சுப் பரிமாற்றம் குறித்த அவருடைய பெருநூல் 1950-இல் வந்தது. விண்மீனுக்காக எழுதிய சமன்பாடு உலைக்கல்லுக்கும் பொருந்தியது. இரண்டிலும் கதிர் ஒரே மாதிரிதான் நடக்கிறது.

தாவல் தூரமும் முப்படியும்

ஒரு ஒளித்துகள் உமிழப்பட்ட இடத்துக்கும் விழுங்கப்படும் அல்லது திசை திருப்பப்படும் இடத்துக்கும் உள்ள சராசரித் தொலைவைப் பாடநூல்கள் சராசரி மோதலிடைத் தூரம் என்கின்றன. இங்கே அதைத் தாவல் தூரம் என்று அழைக்கிறேன். ரோஸ்லண்டின் முடிவைச் சொல்லில் எழுதினால் இப்படி வரும்: கதிர்வீச்சுத் தரும் கடத்துதிறன் என்பது, மூன்றில் பதினாறு பங்கு, ஒளிவிலகல் எண்ணின் வர்க்கம், ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மன் மாறிலி, கெல்வினில் எண்ணிய வெப்பநிலையின் முப்படி, தாவல் தூரம் ஆகியவற்றின் பெருக்குத்தொகை.

நான்காம் படி விதி இங்கே முப்படியானது எப்படி? கதிர் ஒரு தாவலில் கடக்கும் இரு இடங்களின் வெப்பநிலை வேறுபாடு மிகச் சிறியது. நான்காம் படிகள் இரண்டைக் கழிக்கும்போது எஞ்சுவது முப்படியும் அந்தச் சிறு வேறுபாடும்தான். அந்த வேறுபாடு சரிவாக மாறி ஃபூரியே விதிக்குள் போய்விடுகிறது. முப்படி கடத்துதிறனில் தங்கிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாவல் தூரம் 1 மி.மீ., ஒளிவிலகல் எண் 1 என்று கொள்வோம். 27 டிகிரி செல்சியஸில், அதாவது 300 கெல்வினில், கதிர்வீச்சின் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 0.008 வாட். அசையாக் காற்றின் 0.026-ஐவிடவும் குறைவு. அதே பொருள் 1,500 கெல்வினுக்கு ஏறினால் வெப்பநிலை ஐந்து மடங்குதான். கதிர்வீச்சின் பங்கோ 125 மடங்கு. கடத்துதிறன் 1 வாட்டைத் தாண்டிவிடுகிறது. செங்கல்லே அவ்வளவுதான் கடத்துகிறது. அறை வெப்பநிலையில் கணக்கில் சேர்க்கத் தேவையில்லாத ஒன்று, உலை வெப்பநிலையில் சரிபாதிப் பங்காளி ஆகிவிடுகிறது.

இனி தாவல் தூரத்தை மாற்றிப் பார்ப்போம். உலோகத்தில் கட்டற்ற எலக்ட்ரான்கள் நிறைந்திருப்பதால் கதிர் சில பத்து நானோமீட்டருக்குள் அணைந்துவிடுகிறது. 20 நானோமீட்டர் என்று கொண்டால், 1,500 கெல்வினிலும் கதிர்வீச்சின் பங்கு தோராயமாக ஒரு லட்சத்தில் இரண்டு பங்கு வாட். அந்தச் சூட்டில் இரும்பின் கடத்துதிறன் ஏறத்தாழ 30 வாட். இரும்புத் துண்டின் உள்ளே கதிர்வீச்சைத் தேடுவது வீண் வேலை. அதன் மேற்பரப்பிலிருந்து கிளம்பும் கதிர் வேறு விஷயம். வத்திராயிருப்பில் பிறந்து, புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரான கே. எஸ். கிருஷ்ணன், 1950-களில் எஸ். சி. ஜெயினுடன் சேர்ந்து வெற்றிடத்தில் மின்சாரத்தால் கனலும் மெல்லிய கம்பியின் நீளவாட்டில் வெப்பநிலை எப்படி அமைகிறது என்பதை ஆராய்ந்தார். அங்கே கம்பிக்குள் கடத்தலும் கம்பியின் தோலில் கதிர்வீச்சும் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. உள்ளே ஒன்று, தோலில் ஒன்று என்ற இந்தப் பிரிவு உலோகத்துக்கு மட்டுமே பொருந்தும். கண்ணாடிக்கும் களிமண்ணுக்கும் பொருந்தாது.

கண்ணாடி காட்டிய பாடம்

கண்ணாடியில் கேள்வி எளிதாகவும் நடைமுறைத் தேவையோடும் எழுந்தது. சாதாரணச் சன்னல் கண்ணாடி ஏறத்தாழ 2.7 மைக்ரான் அலைநீளம் வரை தாராளமாக ஒளியை விடுகிறது. 5 மைக்ரானுக்கு மேல் அறவே விடுவதில்லை. அறை வெப்பநிலைப் பொருள் வீசும் கதிரின் உச்சம் 10 மைக்ரானுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே அந்தச் சூட்டில் கண்ணாடி, வெப்பக் கதிருக்குக் கல்சுவர். 1,500 கெல்வினில் உச்சம் 2 மைக்ரானுக்குக் கீழே இறங்கி வந்துவிடுகிறது. வீசப்படும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி, கண்ணாடி வழிவிடும் பகுதிக்குள் விழுகிறது. வெப்பநிலை கூடும்போது கதிர் வலுக்கிறது; அதோடு பொருளின் கதவும் திறந்துகொள்கிறது. முப்படி விதியைவிட வேகமாக ஏற்றம் நிகழ இது காரணம்.

உருகிய தெளிந்த கண்ணாடியில் வெப்பத்தின் பெரும்பகுதியைச் சுமப்பது கதிர்வீச்சே. அதில் சிறிது இரும்பு கலந்தால் நிலை மாறுகிறது. ஃபெரஸ் இரும்பு 1 மைக்ரானை ஒட்டிய கதிரைப் பலமாக விழுங்குகிறது. தாவல் தூரம் சுருங்குகிறது. மேலிருந்து எரியும் சுடரின் வெப்பம் பச்சைக் கண்ணாடித் தொட்டியின் அடிவரை இறங்கத் திணறுகிறது. ஒரே ஆழத்தில் தெளிந்த கண்ணாடியைவிடப் பச்சைக் கண்ணாடி குளிர்ந்து கிடக்கிறது. நிறம் மாற்றினால் உலையையே வேறுவிதமாக ஓட்ட வேண்டும் என்பது கண்ணாடித் தொழிலாளர்கள் அனுபவத்தில் அறிந்தது. 1961-இல் ராபர்ட் கார்டன் இத்துறையைத் தொகுத்து எழுதிய ஆய்வுரை அந்த அனுபவத்துக்குக் கணிதம் கொடுத்தது. 2000-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீபெரும்புதூரில் தட்டைக் கண்ணாடி வார்க்கும் பெரும் ஆலை ஓடுகிறது. அதுபோன்ற எந்த உலையிலும் கதிர்வீச்சைக் கணக்கில் சேர்க்காமல் வெப்பநிலையை முன்கூட்டிச் சொல்ல முடியாது.

துளை: தடையா, பாலமா?

செங்கல், ஓடு, உலைக்கல் எல்லாம் துளை நிறைந்த திடப்பொருள்கள். இங்கே தாவல் தூரத்தைத் தீர்மானிப்பது துளையின் அகலம். கதிர் துளையின் ஒரு சுவரில் கிளம்பி எதிர்ச்சுவரில் முடிகிறது. 1947-இல் ஹாமக்கர், ஒளி சிதறும் பொருள்களில் கடத்தலையும் கதிர்வீச்சையும் சேர்த்து எழுதும் சமன்பாடுகளைத் தந்தார். 1954-இல் ஆர்தர் லோப் துளைகொண்ட பொருளுக்கென்றே ஒரு கோட்பாட்டை வகுத்தார். அதன் சாரம் எளியது: துளைக்கு ஒரு கடத்துதிறன் உண்டென்று கொண்டால், அது சுவரின் உமிழ்திறன், துளையின் அகலம், வெப்பநிலையின் முப்படி ஆகியவற்றுக்கு நேர்விகிதம்.

இதை நம் சூளைக்குப் பொருத்துவோம். சூளை அடுக்கே ஒரு பெரிய துளைப்பொருள். கல் அதன் மணி, சந்து அதன் துளை. சந்தின் அகலம் 2 செ.மீ., செங்கல்லின் உமிழ்திறன் 0.9 என்று கொள்வோம். காற்றோட்டத்தை இப்போதைக்கு ஒதுக்கிவைப்போம். அடுக்கி முடித்து இன்னும் தீ வைக்காத சூளையில், 27 டிகிரியில், அந்தச் சந்தின் கடத்துதிறன் கதிர்வீச்சும் காற்றும் சேர்ந்து ஏறத்தாழ 0.13 வாட். செங்கல் 0.8 என்றால் சந்து அதில் ஆறில் ஒரு பங்குதான் விடுகிறது. சந்து ஒரு தடை. தீ ஏறி, 300 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும்போது சந்தும் கல்லும் சமம். 1,000 டிகிரியில் சந்தின் கடத்துதிறன் 7 வாட்டைத் தாண்டிவிடுகிறது. அதே தடிமன் செங்கல்லைவிட ஒன்பது, பத்து மடங்கு. தடையாக இருந்த சந்து பாலமாகிவிட்டது. சந்து விட்டு அடுக்கிய கைகள், தீ ஏற மட்டும் வழி விடவில்லை. தீ நின்ற பிறகு வெப்பம் கல்லிலிருந்து கல்லுக்குப் பரவி, ஓரத்துக் கல்லும் வேகாமல் போகாதிருக்கவும் வழி விட்டிருக்கின்றன.

இதே கணக்கு சிறு துளையில் என்ன சொல்கிறது? 1,500 கெல்வினில் 1 மி.மீ. துளை கதிர்வீச்சால் மட்டும் 0.6 வாட்டுக்கு மேல் கடத்துகிறது. 10 மைக்ரான் துளையோ 0.008-க்கும் குறைவு, அந்தச் சூட்டில் காற்று கடத்தும் 0.1-இல் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதிலிருந்து வெப்பக் காப்புக் கற்களைச் செய்பவர்கள் கற்ற விதி ஒன்று உண்டு. குறைந்த சூட்டில் துளை பெரிதோ சிறிதோ அதிக வேறுபாடில்லை. எவ்வளவு துளை என்பதே முக்கியம். உயர்ந்த சூட்டில் துளையின் மொத்த அளவு ஒன்றாக இருந்தாலும், அது பொடித்துளைகளாகப் பிரிந்திருந்தால்தான் காப்பு நிற்கும். உமியும் மரத்தூளும் கலந்து சுட்ட இலேசான கல் எந்தச் சூடு வரை காக்கும் என்பதை, உமி எரிந்து விட்டுச்சென்ற குழியின் அளவு சொல்லிவிடும்.

சேலத்து வெள்ளைக்கல்

ஏரியூரிலிருந்து மேச்சேரி, ஓமலூர் வழியாகச் சேலம் போகிறவர்கள் ஊரை நெருங்கும்போது வெள்ளை வெளேரென்ற சுரங்கக் குவியல்களைப் பார்த்திருப்பார்கள். அது மேக்னசைட், மக்கள் வாயில் வெள்ளைக்கல். பூமியின் ஆழத்திலிருந்து வந்த டியூனைட் பாறையில் கரியமில வாயு கலந்த நீர் ஊடுருவி, அதிலுள்ள ஒலிவின் கனிமத்தைச் சிதைத்து இந்த வெள்ளை நரம்புகளை உண்டாக்கியிருக்கிறது. மேக்னசைட்டை உலையில் சுட்டால் கரியமில வாயு நீங்கி மக்னீசியா எஞ்சும். 1,600 டிகிரிக்கு மேல் நன்றாகச் சுட்ட மக்னீசியா, எஃகு உலைகளுக்கு உள்ளே பதிக்கும் தீக்கல் ஆகிறது. தமிழ்நாடு அரசின் டான்மேக் நிறுவனமும், 2011-இல் செயில் நிறுவனத்தின் துணை அமைப்பாக மாறிய பழைய பர்ன் ஸ்டாண்டர்டு பிரிவும் இந்தக் கல்லை நம்பி எழுந்தவை.

மக்னீசியாவின் கடத்துதிறன் வெப்பநிலையோடு மாறும் விதம் இக்கட்டுரையின் கேள்விக்கு நல்லதொரு சாட்சி. செறிந்த மக்னீசியா 100 டிகிரியில் ஏறத்தாழ 35 வாட் கடத்துகிறது. 1,000 டிகிரியில் 7 வாட். ஏனிந்தச் சரிவு? மின்கடத்தாப் பொருளில் வெப்பத்தைச் சுமப்பவை அணுக்கோவையின் அதிர்வலைகள். ஃபோனான் என்று பெயர். சூடு கூடக் கூட ஃபோனான்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு சிதறுகின்றன. அதனால் கடத்துதிறன் வெப்பநிலைக்குத் தலைகீழாகக் குறைகிறது என்று 1929-இல் பையர்ல்ஸ் விளக்கினார். ஒருபுறம் ஃபோனான் இறங்குகிறது, மறுபுறம் கதிர்வீச்சு முப்படியில் ஏறுகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கடத்துதிறன் கீழே தட்டி மறுபடி மேலே திரும்ப வேண்டும். மிக உயர்ந்த சூட்டில் ஆக்சைடு படிகங்களில் அந்தத் திருப்பம் தென்பட்டது. 1960-இல் லீயும் கிங்கரியும் ஆக்சைடுப் பீங்கான்களில் கதிர்வீச்சின் பங்கைத் தனியே ஆராய்ந்தார்கள். ஒற்றைப் படிகத்திலும் கண்ணாடியிலும் அந்தப் பங்கு கணிசம். பொடியை அழுத்திச் சுட்ட கல்லிலோ அது வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

காரணத்தை நின்று கவனிக்க வேண்டும். மக்னீசியா அகச்சிவப்புக் கதிரை வெகுதூரம் விடும் பொருள். ஒற்றைப் படிகத்தில் தாவல் தூரம் நீளம். சுட்ட கல்லில் மைக்ரான் அளவுத் துளைகள் ஆயிரக்கணக்கில் நின்று கதிரைச் சிதறடிக்கின்றன, தாவல் குறுகுகிறது. ஆகவே துளைக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒளி விடாத சுவருக்கு நடுவே இருக்கும் அகன்ற துளை கதிருக்குப் பாலம். ஒளி விடும் பொருளுக்குள் இருக்கும் நுண்துளை கதிருக்கு முள்வேலி. துளை இருந்தால் கதிர்வீச்சு கூடும் என்றும், குறையும் என்றும் வெவ்வேறு நூல்களில் படித்துக் குழம்பிய மாணவர்கள் பலர் இருப்பார்கள். தாவல் தூரம் நீள்கிறதா குறுகுகிறதா என்று மட்டும் கேட்டால் இரண்டு கூற்றும் அதனதன் இடத்தில் சரியாக அமர்ந்துவிடும்.

தீராத வழக்குகள்

மேலே சொன்ன திருப்பத்தை எங்கே கண்டாலும் கதிர்வீச்சு என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்கு அணு எரிபொருள் ஒரு பாடம். யுரேனியம் ஆக்சைடின் கடத்துதிறனும் சூடு ஏற ஏறக் குறைந்து, 2,000 கெல்வின் வாக்கில் அடிதட்டி, பிறகு ஏறுகிறது. தொடக்கத்தில் அந்த ஏற்றத்தைக் கதிர்வீச்சின் கணக்கில் எழுதியவர்கள் உண்டு. அந்தச் சூட்டில் யுரேனியம் ஆக்சைடு கதிரை எவ்வளவு விழுங்குகிறது என்று அளந்து பார்த்தபோது தாவல் தூரம் போதவில்லை. ஏற்றத்துக்குப் பெரும்பாலும் காரணம் எலக்ட்ரான்கள் இடம் பெயர்வதே என்பது பிற்காலத்தில் நிலைபெற்ற விளக்கம். கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலைக்கும் எரிபொருள் யுரேனியம், புளுட்டோனியம் கலந்த ஆக்சைடு வில்லைதான். அத்தகைய வில்லையின் நடுப்பகுதி எவ்வளவு சூடாகும் என்பது பாதுகாப்புக் கேள்வி. வளைகோடு பொருந்துகிறது என்பதற்காகத் தவறான காரணத்தை ஏற்றால், அளக்காத சூட்டில் அந்தக் கோடு நம்மைக் கைவிட்டுவிடும்.

இன்னொரு வழக்கு பூமிக்கடியில் நடக்கிறது. 1957-இல் சிட்னி கிளார்க், பூமியின் மூடகத்தில் கதிர்வீச்சு கணிசமான வெப்பத்தைச் சுமக்கக்கூடும் என்று வாதிட்டார். சேலத்து டியூனைட்டில் நிறைந்திருக்கும் அதே ஒலிவின்தான் மேல் மூடகத்தின் முதன்மைக் கனிமம். அறை வெப்பநிலையில் மெல்லிய ஒலிவின் துண்டு பச்சைக் கண்ணாடி போல ஒளியை விடும். சூடேற்றி அளந்தபோது அதிலுள்ள இரும்பு மேலும் மேலும் கதிரை விழுங்கியது, எதிர்பார்ப்பு குறைந்தது. கீழ் மூடகத்தின் கனிமங்களை வைர அழுத்திகளில் நசுக்கி 2008-இல் இரு குழுக்கள் வெளியிட்ட முடிவுகள் எதிரெதிர்த் திசையில் நின்றன: ஒன்று கதிர் நன்றாகவே ஊடுருவும் என்றது, மற்றொன்று பெரிதும் தடைப்படும் என்றது. பூமி எவ்வளவு வேகமாக ஆறுகிறது என்பது இதைப் பொறுத்தது. கண்ணாடித் தொட்டியில் நிறம் செய்த வேலையை இங்கேயும் இரும்பே செய்கிறது. நம் செம்மண்ணைச் சிவப்பாக்கியதும் அதுதான்.

அறைச் சூட்டிலும் மறக்கலாகாது

முப்படி விதியைப் படித்துவிட்டு, சாதாரணச் சூட்டில் கதிர்வீச்சு ஒன்றுமில்லை என்று நினைப்பது அடுத்த தவறு. மற்ற வழிகளை அடைத்துவிட்டால் எஞ்சி நிற்பது அதுதான். கண்ணாடிப் பஞ்சை அடர்த்தியாகத் திணித்தால் இழைகள் தொட்டுக்கொண்டு கடத்தல் கூடுகிறது. மிக இலேசாக விட்டால் இழைகளுக்கு நடுவே கதிர் நீளத் தாவுகிறது. நடுவில் ஓர் அடர்த்தியில் காப்பு மிக நன்றாக அமைகிறது. கிஸ்ட்லர் 1931-இல் அறிவித்த ஏரோஜெல்லில் துளைகள் நானோமீட்டர் அளவு. காற்று மூலக்கூறுகளே அதற்குள் ஓட இடமின்றித் தவிக்கின்றன. சிலிக்கா ஏரோஜெல்லோ 3 முதல் 8 மைக்ரான் வரையிலான கதிரைச் சற்றுத் தாராளமாக விட்டுவிடுகிறது. அதை அடைக்கக் கரித்தூளோ டைட்டானியம் ஆக்சைடோ கலக்கிறார்கள். காற்றையே வெளியேற்றிவிட்ட குளிர்கலன்களில் கதிர்வீச்சு ஒன்றே பகை. மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் கிரையோஜெனிக் எஞ்சின்களின் திரவ ஹைட்ரஜன், கழித்தல் 253 டிகிரியில் கொதிப்பது. அத்தகைய திரவங்களைக் காக்கப் பளபளக்கும் மெல்லேடுகளைப் பல அடுக்காகச் சுற்றுவது உலகெங்கும் உள்ள வழக்கம். ஒவ்வொரு ஏடும் கதிரின் தாவலை ஓரிடத்தில் வெட்டுகிறது.

வீட்டுச் சுவருக்கும் இது பொருந்தும். சுவருக்குள் 2 செ.மீ. காற்றிடைவெளி விட்டுக் கட்டினால், 27 டிகிரியில் அந்த இடைவெளி வழியாகக் காற்று கடத்துவது ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 1.3 வாட், கதிர்வீச்சு சுமப்பது 5 வாட். ஐந்தில் நான்கு பங்கு கதிர்வீச்சே. இடைவெளியின் ஒரு பக்கத்தில் உமிழ்திறன் 0.05 உள்ள அலுமினியத் தாளை ஒட்டினால் அந்த 5 வாட் 0.3 ஆகக் குறைகிறது. சித்திரை வெயிலில் வேகும் நம் வீடுகளுக்கு இந்தச் சிறு கணக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்! இடைவெளி விட்டால் போதும் என்று கட்டுபவர்கள், அந்த இடைவெளியில் கதிர் தாவுவதைத் தடுக்காமல் பாதி வேலையோடு நின்றுவிடுகிறார்கள்.

அளப்பதில் உள்ள சிக்கல்

இவ்வளவுக்கும் பிறகு ஒரு கேள்வி. அட்டவணையில் அச்சிட்டிருக்கும் கடத்துதிறன் எண்ணில் கதிர்வீச்சு சேர்ந்திருக்கிறதா, இல்லையா? பெரும்பாலும் சேர்ந்தே இருக்கிறது. எவ்வளவு என்று சொல்லியிருப்பதில்லை. 1961-இல் பார்க்கரும் அவருடைய கூட்டாளிகளும் கொண்டுவந்த ஒளிவீச்சு முறையில், மெல்லிய வில்லையின் ஒரு முகத்தில் ஒளித்துடிப்பைப் பாய்ச்சி மறுமுகம் சூடேறும் நேரத்தை அளக்கிறார்கள். வில்லை சற்றே ஒளி விடுவதாக இருந்தால், கதிர் வில்லையைத் தாண்டி நேரே மறுமுகத்துக்குப் போய்விடும். அதைத் தடுக்க வில்லையின் முகங்களில் தங்கமோ கிராஃபைட்டோ பூசுகிறார்கள். பூசிய பிறகும், சூடான முகத்திலிருந்து உள்ளே பாயும் கதிர் எஞ்சத்தான் செய்கிறது.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. தாவல் தூரத்தைவிடப் பொருள் பல மடங்கு தடித்திருந்தால்தான் ரோஸ்லண்டின் சூத்திரம் செல்லும். தாவல் தூரமும் பொருளின் தடிமனும் நெருங்கிவிட்டால் கடத்துதிறன் என்பது பொருளின் குணமாகவே இருப்பதில்லை. தடிமனுக்குத் தக்க மாறும். 1 செ.மீ. மாதிரியில் அளந்த எண்ணை 10 செ.மீ. சுவருக்குப் பயன்படுத்தினால் பிழை வரும். கடத்தலையும் கதிர்வீச்சையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டுவதும் அப்போது சரியாகாது. இரண்டும் ஒரே வெப்பநிலைச் சரிவைப் பங்கிட்டு ஒன்றையொன்று மாற்றிக்கொள்கின்றன. முழுச் சமன்பாட்டையும் கணினியில் தீர்ப்பதே வழி. இன்று கல்லின் உள்துளைகளை எக்ஸ்-கதிர் கொண்டு முப்பரிமாணத்தில் படமெடுத்து, அந்தப் படத்துக்குள்ளேயே கோடிக்கணக்கான கதிர்களை ஓடவிட்டுக் கணக்கிடுகிறார்கள்.

நுண்ணளவில் மங்கும் எல்லை

தாவல் தூரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இன்னும் கீழே இறங்கினால் கடத்தலுக்கும் கதிர்வீச்சுக்கும் உள்ள வேலியே சாய்கிறது. மிக மெல்லிய படலத்தில் ஃபோனானின் தாவல் தூரம் படலத்தின் தடிமனைவிட நீளமாகிவிடும். அப்போது ஃபோனான் மோதாமல் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குக் கதிரைப் போலவே பறக்கிறது. 1938-இல் காசிமிர் மிகக் குளிர்ந்த படிகங்களில் இதை உணர்ந்திருந்தார். 1993-இல் அருண் மஜும்தார், சந்திரசேகர் ஒளிக்குக் கையாண்ட வகைச் சமன்பாட்டையே ஃபோனானுக்கு எழுதினார். கடத்தல் என்பதே குறுந்தாவல் கதிர்வீச்சுதான் என்று ஒருவகையில் சொல்லிவிடலாம்.

மறுபுறம், இரு திடப்பொருள்களின் நடுவே உள்ள இடைவெளி கதிரின் அலைநீளத்தைவிடச் சிறிதாகும்போது ஸ்டெஃபான் விதியின் உச்சவரம்பும் உடைகிறது. மேற்பரப்பை ஒட்டியே தங்கும் அலைகள் இடைவெளியைத் தாண்டிக் கசிகின்றன. போல்டரும் வான் ஹோவும் 1971-இல் கோட்பாட்டைத் தந்தார்கள். 2009-இல் ஷெங் ஷென், அரவிந்த் நாராயணசுவாமி, காங் சென் ஆகியோர் சில பத்து நானோமீட்டர் இடைவெளியில், அந்த உச்சவரம்பைவிட ஆயிரம் மடங்கு அளவுக்கு வெப்பம் பாய்வதை அளந்து காட்டினார்கள். துளையைப் பொடியாக்கிக்கொண்டே போனால் கதிர்வீச்சு குறைந்துகொண்டே போகும் என்ற நம் விதிக்கு ஓர் அடித்தளம் இருக்கிறது. அதற்குக் கீழே விதி திரும்பிக்கொள்கிறது.

தொகுத்துப் பார்த்தால்

உலோகத்தின் உள்ளே கதிர்வீச்சுக்கு இடமில்லை. கண்ணாடியிலும் படிகத்திலும் சூடு ஏறினால் அது முதன்மை பெறுகிறது. சிறிது இரும்போ சிறிது நுண்துளையோ அதை அடக்கிவிடும். துளைக்கல்லில் துளையின் அகலமும் வெப்பநிலையின் முப்படியும் சேர்ந்து முடிவெடுக்கின்றன. மற்ற வழிகள் அடைபட்ட காப்புப் பொருளில் அறைச் சூட்டிலும் அது முன்வரிசையில் நிற்கிறது. இந்த நான்கு நிலைகளுக்கும் தனித்தனி விதி தேவைப்படவில்லை. எவ்வளவு சூடு, எவ்வளவு நீளத் தாவல் என்ற இரண்டு கேள்விகள் போதுமாக இருந்தன.

ஆகவே ஒரு வேண்டுகோள். தீக்கல்லோ காப்புக்கல்லோ விற்பவர் தரும் கடத்துதிறன் எண்ணுக்குப் பக்கத்தில் எந்த வெப்பநிலையில், எந்தத் தடிமனில் அளந்தது என்பதும், துளை எவ்வளவு அகலம் என்பதும் இருக்க வேண்டும். நம் கல்லூரிகளில் வெப்பப் பாடம் நடத்துபவர்கள் மூன்று பெட்டிகளை வரைந்த கையோடு மாணவர்களை ஒரு செங்கல் சூளைக்கு அழைத்துப் போக வேண்டும். அங்கே கல் அடுக்குபவர் சந்தின் அகலத்தை அளவுகோல் இல்லாமல் தன் விரலை வைத்துப் பார்த்து விடுகிறார். குறுகினால் ஓரத்துக் கல் வேகாது, அகன்றால் விறகு வீணாகும் என்று அவருக்குத் தெரியும். ரோஸ்லண்டின் தாவல் தூரத்தை அவர் விரல் அளந்துகொண்டிருக்கிறது.